பூட்டிய வீட்டில் தறிச் சத்தம்

உலை கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் வெளியே பூட்டு விழுந்தது.

தையல்நாயகி ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு அப்பால், நேற்றைய கூட்டத்தில் விழுந்த பூமாலையை இன்னும் கழற்றாமல், வீட்டுக்காரர் கோதண்டபாணி நின்றிருந்தார். ஒரு காலத்தில் தறிக்காரர். இப்போது ‘நெசவாளர் குலவிளக்கு’. அந்தப் பட்டத்தை வழங்கிய கூட்டத்துக்குத் தலைவரும் அவரே, செலவும் அவருடையதே.

“ஒரு மணி நேரம் கம்முனு இரும்மா. மனை எம்பேர்ல வந்துடட்டும். உனக்கு ஒரு மூலை குடுக்காமலா பூடுவேன்?”

வீதியை அகலப்படுத்துவதற்காக நகர அபிவிருத்திக் குழு இந்த வரிசையை இடிக்கப் போகிறது. குடியிருப்பவர்களுக்குச் செவிலிமேட்டில் மாற்று மனை. இன்று கணக்கெடுப்பு. பூட்டிய வீடு காலி வீடு, அதற்குரிய மனை சொந்தக்காரருக்கே என்றது சுற்றறிக்கை. குழுவின் ஒன்பது பேர் ஏழு கூட்டம் போட்டுக் கண்டுபிடித்த ஞானம். மறு கணக்கெடுப்பு கிடையாது.

அவள் புருஷன் கலியாணசுந்தரத்தை விடியற்காலையிலேயே ஏதோ வேலை என்று வாலாஜாபாத்துக்கு அனுப்பியிருந்தார் கோதண்டபாணி. அது என்ன வேலை என்று இப்போதுதான் புரிந்தது. பதினோரு வருஷக் குடித்தனம். ஒரு வாடகை ரசீதுகூடக் கொடுத்ததில்லை மனிதர்.

குழுவின் குமாஸ்தா சாமுவேல் வாசலுக்கு வந்ததும் “குலவிளக்கு வாழ்க!” தொடங்கியது. எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு டீ. தையல்நாயகி தொண்டை கிழியக் கத்தினாள். கதவைக் குத்தினாள். எல்லாவற்றையும் வாழ்க விழுங்கிவிட்டது.

“நூல் போட்டு வெக்கிற கிடங்கு சார். ஆளே கிடையாது,” என்றார் கோதண்டபாணி.

“பூட்டித்தான் இருக்குது,” என்று சாமுவேல் பேனா மூடியைக் கழற்றினார்.

அவள் திரும்பினாள். ஜன்னலோரத்துத் தறியில் கோதண்டபாணி மகளின் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வொரு இழைக்கும் அந்தப் பக்கம் கலியாணசுந்தரம் உட்கார்ந்து கரையைக் கோத்த பிறகே அவள் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பாள். அதனால் அந்தத் தறிக்கு நிதான நடை. ஒரு தட்டு, ஒரு மூச்சு, அடுத்த தட்டு.

தறிக் குழியில் இறங்கினாள். ஊடை நூல் ஓட்டும் நாடாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெறும் பலகையை மூச்சே விடாமல் அடித்தாள். டக், டக், டக், டக்.

சாமுவேலுக்குக் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கும் கேட்கவில்லை. பழைய தறிக்காரரின் காதுக்கு மட்டும் கேட்டது; ஜன்னலில் தெரிந்த மாலை ஆடாமல் நின்றது.

“நிறுத்துங்கடா வாழ்க!” என்று அலறினார் கோதண்டபாணி.

தெரு அடங்கியது. டக், டக், டக்.

“உள்ள என்ன சத்தம்?” என்றார் சாமுவேல்.

“எலி சார்.”

“எலி தறி நெய்யுதா?”

டக், டக், டக், டக்.

“அடியே தையல்நாயகி! கரையச் சேக்காம தட்டிக்கினே போறியேடி! எம்பொண்ணு முகூர்த்தப் பொடவடி!”

“எலிக்குப் பேர்லாம் இருக்குதே,” என்றார் சாமுவேல். “திறங்க.”

கோதண்டபாணி நேராகத் தறியின் மேல்தான் விழுந்தார். புடவையைத் தடவிப் பார்த்தார். ஒரு இழைகூடக் கெடவில்லை. உடனே முதுகு நிமிர்ந்தது. “கூலிக்கு நெய்யறவ சார். காலைல வந்து பொழுதோட பூடுவா.”

சாமுவேல் உலையைப் பார்த்தார். கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். “எனக்குத் தெரியுதும்மா. ஆனா ரசீது இல்லன்னா வீட்டுக்காரர் வாயால சொல்லணும். சுற்றறிக்கைல அப்படித்தான் போட்டிருக்கான்.”

தையல்நாயகி மடியிலிருந்த நாடாவை எடுத்தாள். இழைகளுக்கு நடுவே ஒரே தள்ளு. நாடா மறுபக்கம் போய் நின்றது. கரை கோக்கவில்லை; இப்படியே அடித்தால் புடவை பாழ். பலகையைப் பிடித்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு புடவையைக்கூட அவள் கெடுத்ததில்லை.

“இதுவரிக்கும் வெறும் தட்டு மொதலாளி. இப்ப நெசமா தட்டட்டுமா?”

உலை பொங்கி அடுப்பில் விழுந்து சீறியது. வாசலில் எவனோ பழக்க தோஷத்தில், “குலவிளக்கு…” என்று ஆரம்பித்தான்.

“மூட்றா வாய!” கோதண்டபாணியின் கண் நாடாவை விட்டு நகரவில்லை. “குடித்தனம்தான் சார்.”

“எத்தினி வருஷம்?”

பலகை ஒரு விரல்கடை முன்னால் வந்தது.

“பதினொண்ணு சார், பதினொண்ணு!”

சாமுவேல் எழுதி நீட்டினார். பட்டத்தோடு கையெழுத்துப் போடத்தான் பார்த்தார் கோதண்டபாணி. கட்டத்தில் பேருக்கே இடம் போதவில்லை.

மை காயும் வரை தையல்நாயகி பலகையைப் பிடித்தபடியே இருந்தாள். அப்புறம் அந்த இழையை நிதானமாக உருவினாள்.