மிஷினுக்கு மாலை போட்ட நாள்

செங்கோடன் தன் மாமன் கம்பெனிக்குள் நுழைந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். வைக்காமல் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள். தடதடவென்று பனியன் துணி பின்னித் தள்ள வேண்டிய மிஷின்கள் அத்தனையும் சாமந்தி மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி கம்மென்று நின்றன. வாசலில் வாழைக்கன்று. தாம்பாளத்தில் பொரிகடலை.

"வா கண்ணு! படம் எடுக்க எல்லாம் தயாரா வெச்சுட்டேன்" என்று கை நிறையச் சந்தனத்தோடு வந்தாள் அத்தை பூவாத்தாள். மாமன் சுப்பண்ணன் பெயருக்குத்தான் முதலாளி. கம்பெனி அத்தை சொன்னபடிதான் ஓடும், நிற்கும்.

"என்னங்கத்தை இது? ஆயுத பூஜை போன மாசம்தானே முடிஞ்சது?"

"அது வருசத்துக்கு. இது படத்துக்கு. நீதானே மிஷினெல்லாம் நல்லாத் தெரியோணும்னு சொன்ன?"

"சரி, நல்லாத்தான் தெரியுது. ஓட்டச் சொல்லுங்க."

அத்தை அவனை விநோதமாகப் பார்த்தாள். "சாமிக்கு வெச்ச மிஷினை அன்னைக்கே ஓட்டறதா? நாளைக்குக் காலைல ஓட்டிக்கலாம், போ."

அவனுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. அதுதான் சங்கடம். கோவையில் ஒரு திரைப்படச் சங்கம், எழுபத்திரண்டாம் வருஷம், இளைஞர்களுக்கென்று குறும் ஆவணப்படப் போட்டி வைத்திருந்தது. பேர் கொடுத்தவர்களுக்கு ஒருநாள் மட்டும் கேமராவை இரவல் கொடுப்பார்கள். கூடவே மூன்று நிமிஷம் ஓடுகிற ஒரே ஒரு சுருள். பொழுது சாய்வதற்குள் கேமரா கோவைக்குத் திரும்பிவிட வேண்டும். நூலிலிருந்து பனியன் வரை காட்டுகிறேன் என்று செங்கோடன் எழுதிக் கொடுத்திருந்தான். பொங்கலூரில் அவன் அப்பன் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்: படம் தேறினால் உன் இஷ்டம், தேறாவிட்டால் தை பிறந்ததும் மாமன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் டேபிள், அப்புறம் சினிமாப் பேச்சே கூடாது.

"ஒரே ஒரு மிஷினுங்கத்தை. கொஞ்ச நேரம்."

"ஒண்ணை ஓட்டுனா என்ன, ஊரையே ஓட்டுனா என்ன?"

அவன் மிஷின்காரன் நல்லானைப் பார்த்தான். நல்லான் வாய் நிறையப் பொரியோடு, "மிஷினுக்கே லீவுங்க தம்பி. எனக்கு மட்டும் எதுக்குங்க வேலை?" என்றான். தையல் மிஷின் வைத்த பவர் டேபிள் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

மாமனிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று கேமராவைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். மாமன் கனைத்துக்கொண்டே, "உங்கத்தையக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தால், கேமராவின் கண்ணாடி மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம், மேலே ஒரு துண்டுச் சாமந்திச் சரம்.

"அத்தை!"

"ஏன் கத்தற? அதும் மிஷின்தானே. பாவம், அதுக்கு மட்டும் வெக்காம உட்டா மனசு கேக்குமா?" அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். "இனி நீயும் அதைத் தொடப்படாது. நாளைக்கு எடுத்துக்கோ."

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. சரத்தைப் பிடுங்கிப் போட்டான். வேட்டி நுனியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். கேமராவைத் தூக்கிவிட்டான்.

பெண்கள் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

"ஏன்டா!" அத்தையின் குரல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "சாமிக்கு வெச்சதைத் தூக்கறயா? உங்கொப்பன் ஒருநாளும் என்னைய எதுத்துப் பேசுனதில்ல, தெரியுமா? அவன் பெத்தது நீ..."

"பேசுங்க! நல்லாப் பேசுங்க! எடுக்கறதுக்கு வேற என்ன இருக்குது இங்க? இதையே எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன்!" ஆத்திரத்தில் பொத்தானை அழுத்திவிட்டான்.

அத்தை ஒரு கணம் நிறுத்தினாள். "ஓடுதா அது?"

"ஓடுதுங்க."

முந்தானையை இழுத்துச் செருகினாள். நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள். மாலை போட்ட மிஷின்களைக் கையால் காட்டிக் காட்டி, முன்னைவிடப் பெரிதாகப் பிடித்தாள் ஒரு பிடி. முறுக்கி வைத்த சாவி தீர்ந்து கேமரா நின்றது.

"சாவி குடுக்கோணுங்கத்தை."

"குடு, குடு." அவன் திருகி முடிக்கிற வரை பொறுமையாக நின்றாள். "எங்க உட்டேன்?"

"அவங்கப்பன்கிட்ட உட்டீங்கம்மா" என்று நல்லான் எடுத்துக் கொடுத்தான்.

இப்படிச் சாவி கொடுத்துக் கொடுத்து அந்தச் சுருள் முழுவதும் தீர்ந்துபோனது. ஒரு முழம் துணிகூட ஓடவில்லை. செங்கோடன் கோவை பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனான். கட்டிங் டேபிள் அவன் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

மார்கழியில் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் அத்தை பட்டுடுத்திக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் எடுத்த அணைக்கட்டும் தேர்த் திருவிழாவும் அழகாக ஓடி முடிந்தன. பிறகு செங்கோடன் படம். சத்தமில்லாத சுருள். சந்தனப் பிசுக்கு ஓரமாக மஞ்சள் தட்ட, மாலை போட்ட மிஷின்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை கையை வீசி வீசி வாயசைக்கிறாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. செங்கோடன் நாற்காலிக்குள் ஒடுங்கிப்போனான்.

விளக்குப் போட்டதும் நடுவர்களில் மூத்தவர் எழுந்தார். "தம்பி, இதில் பனியன் எங்கே? அந்த அம்மாள் அப்படி என்னதான் சொல்கிறார்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாஞ் சொல்றனுங்க."

"அத்தை, உக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

"நீ சும்மாயிரு. ஏனுங்க, படத்தை மறுக்காப் போடுங்க."

மறுபடி ஓட்டினார்கள். அத்தை திரையிலிருந்த தன்னோடு சேர்ந்து அதே திட்டை ஒன்று விடாமல் திட்டினாள். எந்த மிஷின் எப்போது வந்தது, எது யார் விரலைக் கடித்தது, எதற்குச் சூடு தாங்காது, ராவும் பகலும் ஓடுவதை ஒருநாள் சும்மா விட்டால் இவனுக்கு என்ன கேடு, எல்லாம் அதில் வந்தது. சாவி கொடுத்த இடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நடுவர்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். படம் தேறிவிட்டது. மாசியில் மெட்ராசில் காட்டப்போகும் படங்களில் அதுவும் ஒன்று.

செங்கோடன் துள்ளி எழுந்தான். மூத்தவர் கையமர்த்தினார். "ஆனால் ஒன்று. இந்த அம்மாளும் கூட வந்தால்தான்."

"வராம?" என்றாள் அத்தை. "இவன் தனியாப் போனா இவனுக்கு என்னங்க சொல்லத் தெரியும்?"

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தைதான் உட்கார்ந்தாள். காங்கயத்துக் கொழுந்தியாளையும் மெட்ராசுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். வழிக்குப் புளிச்சோறு கட்டலாமா என்று கேட்டாள். இருகூர் தாண்டியும் கேள்வி தீரவில்லை. தேறிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, செங்கோடன் மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டான்.