பிள்ளையாருக்குக் குளிரவில்லை

என் கணவர் கோபிக்குப் புதிதாக எதை வாங்கினாலும் சாமி காலில் வைத்து எடுத்தாக வேண்டும். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கோப்புகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்பார். பைக் சாவி, குக்கர், போன மாதம் டிவி ரிமோட். அந்த ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பட்டன் இன்றுவரை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இதற்கெல்லாம் நான் வாயே திறந்ததில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். அப்போது நூற்றிருபது குஞ்சுகள், பிறந்து ஐந்தாவது நாள். தாய்க்கோழி இல்லாததால் நான்கு பல்புகள்தான் அவற்றுக்குச் சூடு. சூடு கூடினால் பல்பை அணைக்கவும் குறைந்தால் போடவும் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. அதன் வயரை எலி கடிக்கும், நான் ஒட்டுவேன், மறுபடி கடிக்கும். அதை நம்பி வீட்டைவிட்டு ஒரு நாள் நகர முடியாது. இரண்டு வருடமாக நான் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை.

இந்தத் தடவை போகாமல் தீராது. ஆரணியில் என் தங்கை சினேகாவுக்குச் சனிக்கிழமை வளைகாப்பு. எங்களுக்கு அம்மா இல்லை. முதல் வளையலை நீதான் போட வேண்டும் என்று ஒரு மாதமாகப் போனில் அழுகிறாள்.

அதனால் எலக்ட்ரீஷியன் அறிவுச்செல்வனைக் கூப்பிட்டு வயரில்லாத தெர்மோஸ்டாட் மாட்டினேன். சுவரில் ஒரு ரிசீவர், பல்பு வயரெல்லாம் அதில். அதற்கு வயரில்லாமலே சேதி அனுப்பத் தனியாகச் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதைக் குஞ்சுகளின் உயரத்தில் ஆணியில் தொங்கவிட்டுச் சொன்னார்:

"இது எங்க இருக்குதோ அந்த எடத்து சூட்டைத்தான் பாக்கும். ஜாஸ்தியானா பல்பை நிறுத்தும், கம்மியானா போடும். இங்கேர்ந்து எடுக்காதீங்க."

கோபியும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். மனு கொடுக்க வருகிறவர்களிடம் ஆட்டுகிற அதே ஆட்டல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. நான் பையில் புடவையை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னறையில் குஞ்சுகள் கத்தின. பசிக்குக் கத்துகிற கத்தல் அல்ல. ஓடிப்போய்ப் பார்த்தால் நான்கு பல்பும் அணைந்து கிடக்கின்றன. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. கையால் விலக்கினேன். அடியில் இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் ஆணியில் பெட்டி இல்லை.

"ஏங்க, பெட்டி எங்க?"

ஆபீசுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னார். "எதுத்தாப்புல பிள்ளையார் கோயில்ல வெச்சிருக்கேன். மௌலி குருக்கள் சாயங்காலம் வரைக்கும் சாமி பாதத்துலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. வயர்தான் இல்லியே மதி, எங்க இருந்தா என்ன?"

தெருவைத் தாண்டினேன். கோயில் பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். பிள்ளையார் காலடியில், எரிகிற விளக்கை ஒட்டி, பெட்டி சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளையாருக்குக் குளிரவில்லை என்று பார்த்து, எங்கள் வீட்டுப் பல்புகளை ஒழுங்காக அணைத்து வைத்திருந்தது.

குருக்களுக்குப் போன் போட்டேன். "பெரிய கோயிலுக்கு வந்துட்டேனேம்மா, இன்னைக்கு என் முறை. சாயரட்சைக்குத்தான் வந்து தெறப்பேன். குஞ்செல்லாம் சுவாமி பாத்துப்பார்."

"அவரு பாத்துக்கிட்டதுலதான் ரெண்டு போயிடுச்சு சாமி," என்று போனை வைத்தேன்.

அறிவுச்செல்வன் செங்கத்தில் வேலையாக இருந்தார். "ரிசீவர்ல கையால போடுற பட்டன் ஒண்ணு இருக்குதுங்க. அத்த அழுத்துங்க, எரியும். ஆனா தானா நிக்காது. ஆளு ஒருத்தர் கூடவே இருந்து பாத்துப் பாத்து அணைக்கணும்."

அழுத்தினேன், எரிந்தது. குவியல் மெல்லக் கலைந்தது. நான் கோபியைக் கூப்பிட்டு ஒரு முக்காலியைக் காட்டினேன்.

"உக்காருங்க."

"ஆபீஸ்?"

"லீவு சொல்லுங்க. குஞ்சு பல்புக்கு அடியில வந்து குமிஞ்சா குளுருதுனு அர்த்தம், பட்டனைப் போடுங்க. தள்ளிப் போயி வாயைத் தொறந்தா சூடு ஜாஸ்தி, அணைச்சிடுங்க. பரவலா மேஞ்சா கை வெக்காதீங்க."

"அப்ப நீ ஊருக்குப் போறியா?"

"மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன்."

"பெட்டி வந்துடட்டும் மதி. எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்?"

"பெட்டி வர்ற வரைக்கும் நீங்கதான் பெட்டி."

செத்த இரண்டையும் அவரையே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போளூர் தாண்டுவதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் கண்டக்டர் முறைத்தார்.

ஆரணியில் சினேகா என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தாள். திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டேன். ஏழு மணிக்குக் கோபியிடமிருந்து போன். பின்னால் குஞ்சுகளின் சத்தம்.

"பெட்டி வந்துடுச்சு, ஆணியில மாட்டிட்டேன்."

"சரி, எழுந்து சாப்புடப் போங்க."

"இரு மதி. முப்பத்திமூணுன்னுதான் காட்டுது. ஆனா ஓரத்துல ஒரு ஏழெட்டு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. பல்பை ஒரு சாண் ஒசத்திக் கட்டிட்டேன். இப்ப மேயுதுங்க. அந்தக் கறுப்புக் கழுத்துக் குஞ்சு ஒண்ணு இருக்குதே, அது மத்ததைத் தண்ணி குடிக்க உடமாட்டேங்குது. தெனமும் இப்டித்தானா?"

இந்த இரண்டு வருடத்தில் என் குஞ்சுகளைப் பற்றி இந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி அது.

"தெனமும் அப்டித்தாங்க," என்றேன்.

போனை வைத்ததும் சினேகா கேட்டாள். "யாருக்கா, மாமாவா?"

"பண்ணையில இருக்குற ஆளு," என்று சொல்லிவிட்டு, அவளுக்கு வாங்கி வந்த வளையல்களை எடுக்கப் பையைத் திறந்தேன்.