கேக் வெட்டிய நேரம்

வீட்டுக்கு வந்திருந்த எஸ்.ஐ. அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது இசைப்பிரியாவுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உன் புருஷன் எங்கே இருந்தான்? அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தொடாமல் வைத்திருந்த காபியில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீலம்மா வந்துடட்டும் சார். அவங்க கூட இருக்கும்போது சொல்றேங்க."

சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் செப்பு கேபிள் காணாமல் போனதிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொருவராக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் சிலம்பரசனும் போய்ப் பேரையும் விலாசத்தையும் சொன்னான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கேபிளை அவன் எடுக்கவில்லை. ஆனால் செகண்ட் ஷிஃப்டில் இருந்தவன் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்து வீட்டுக்கு வந்து, மகள் கேக் வெட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். கேபிள் போனதும் அந்த நேரத்தில்தான். வருகைப் பதிவில் அவன் உள்ளே இருந்தான். வெளியே போனது தெரிந்தால் வேலை போவது நிச்சயம். பழியும் அவன் தலையில் விழும்.

வக்கீல் அன்புக்கரசி அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பொய் சொல்லாத சிலம்பு. ஆனா உனக்கு எதிரா நீயே பேசணும்னு யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. அது உன் உரிமை. திமிருன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும்."

இசைப்பிரியாவுக்குத்தான் அது செரிக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கேட்டு வளர்ந்தவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதையும் கேட்டுத்தான் வளர்ந்தாள், ஆனால் நமக்கு வேண்டிய பழமொழி வேண்டிய நேரத்தில் எங்கே ஞாபகத்துக்கு வருகிறது. "திருடாதவன் எதுக்கு வாய மூடிக்கினு இருக்கணும்? தெருவே நம்ம வூட்டப் பாத்துகினு போவுது" என்று நேற்று அவனிடம் சண்டை போட்டாள். அவளுக்கு அவன் மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பயமும் இருந்தது.

இப்போது எஸ்.ஐ.யே சலித்து எழுந்துவிட்டார். அவர் செல்போனில் பேசியபடி ஜீப்பை நோக்கி நடந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போய்விடுகிறார்கள்! அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கூட வந்த பெண் போலீஸ் சரிதா வாசலில் குனிந்து ஷூ மாட்டினாள். சேத்தியாத்தோப்புக்காரி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை அதட்டவில்லை. சுவரில் தொங்கிய பலூன்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பாவுக்குப் பொறந்தநாளா?"

"ஆமாங்க மேடம். ஞாயித்துக்கெழம."

"என் பொண்ணுக்கும் போன மாசந்தான். எனக்கு பந்தோபஸ்து டூட்டி, போவ முடியல. இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்குது." சரிதா லேஸை இழுத்தாள். "உங்க வூட்டுக்காரரும் செகண்ட் ஷிஃப்டு. அப்பா இல்லாமதான் கேக் வெட்டியிருக்கும். பாவம்."

அந்தப் 'பாவம்' இசைப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. திருட்டுப் பட்டம்தான் கட்டப் பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளுக்கு வராதவன் என்றுமா?

"அதெல்லாம் இல்லீங்க. அவரு வந்து பக்கத்துல நின்னப்புறந்தான் வெட்டுனா."

சரிதாவின் விரல்கள் லேஸில் நின்றன. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வெற்றி இல்லை. ஏன் சொன்னாய் என்பதைப் போலத்தான் இருந்தது. பிறகு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து ஜீப்பை நோக்கி நடந்தாள்.

சிலம்பரசன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது மகள் எழில்மதி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். கை கழுவிச் சோற்றின் முன் உட்கார்ந்தவன் இத்தனை நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தான்.

"வந்துட்டுப் போனாங்களாமே. நீ ஒண்ணும் சொல்லலயே?"

இசைப்பிரியா குழம்பை ஊற்றினாள். அவன் போதும் என்று கையைக் காட்டினான். அதைக் கவனிக்காமல் அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டின் விளிம்பைத் தாண்டிய குழம்பு தரையில் இறங்கி அவன் கால் விரல்களைத் தொட்டது.