ஏறத்தாழ ஐந்து கோடி பைட்

“பத்து வாக்கியம் படிக்க அரை மணி நேரமா? நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப் போச்சு.”

“நடுவுல தண்ணி குடிச்சேன், மகாராணி.”

“அரை மணி நேரமாவா? கிணறு வெட்டிக் குடிச்சீங்களா?”

“திட்டு, நல்லாத் திட்டு. நாளையிலேருந்து நான் எதிர்த்துப் பேச மாட்டேன். உனக்கு நல்ல காலம்தான்.”

மூன்று வருடங்களுக்கு முன், மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஒலிப்பதிவு அறைக்கு வெளியே அவளுக்கும் கணவனுக்கும் நடந்த பேச்சு இது. மறுநாள் காலை அவள் கணவனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன்பு நோயாளியின் குரலைப் பதிந்து வைப்பது அங்கே வழக்கம். பிற்பாடு ஒரு கருவி அதே குரலில் அவருக்காகப் பேசும் என்றார்கள். கருவி வருவதற்குள், எட்டே மாதத்தில், அவர் போய்விட்டார்.

அந்த எட்டு மாதமும் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவார். மகளுக்கு இரண்டு தட்டு, அவளுக்கு ஒன்று. இப்போதும் வீட்டில் ஏதாவது பாத்திரம் ஒருதடவை ‘டங்’ என்றால் அவள் “வரேங்க” என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகுதான் உறைக்கும்.

அவள் வேலை பார்ப்பதும் அதே மருத்துவமனையில்தான், கீழ்த்தளத்துக் கணினிப் பிரிவில். டேட்டாபேஸைப் பராமரிப்பது அவள் பொறுப்பு. நோயாளிகளின் குரல்கள் எல்லாம் அதில் பைனரியாக, வெறும் பைட்டுகளின் குவியலாக, வரிசைக்கு ஒருவராகக் கிடந்தன. அவர் நூற்றுப் பதினேழாவது வரிசை.

பதிவுகளைத் திறந்து கேட்க அவளுக்கு அனுமதி இல்லை. கேட்டால் வேலை போய்விடும். ஆனால் அளவைக் கேட்கலாம். ஒற்றை வரிக் கட்டளை போதும். எத்தனை பைட் என்று டேட்டாபேஸ் சொல்லிவிடும். ஒட்டிய உறையைப் பிரிக்காமல் தராசில் வைப்பது மாதிரி.

அவருடைய எண் அவளுக்கு மனப்பாடம். நாலு கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம். ஒரு விநாடிக்கு முப்பத்திரண்டாயிரம் பைட் என்று வகுத்தால் இருபத்தாறு நிமிடம். அதே பத்து வாக்கியங்களை மற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்திருந்தார்கள்.

மிச்ச நேரம் என்ன பேசினார்? அந்தக் கேள்விதான் மூன்று வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. அறுவை வேண்டாம் என்றவர் அவர். “இருக்கிற வரைக்கும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டே இருந்துட்டுப் போறேம்மா” என்றார். அவள் அழுதாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள், கடைசியில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாப்பிட்டாள். அதைப் பற்றி அவர் எங்கேயும் ஒரு வார்த்தை குறை எழுதி வைக்கவில்லை. எழுதாததை அந்த அறையில் சொல்லியிருந்தால்?

குடும்பத்தினர் அனுமதி கேட்டால் கிடைக்கும். தலைமை மருத்துவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தடவை அந்த மருத்துவரின் அறை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

இந்த வாரம் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. இறந்துபோனவர்களின் பதிவுகளில் ஒரு கோடி பைட்டைத் தாண்டியவற்றை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அழித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டியல் எடுக்க வேண்டியவள் அவளேதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து மேஜையிலிருந்து தாடி எட்டிப் பார்த்தான். போன வருடம் சேர்ந்தவன். தாடியின் அளவால் அலுவலகமே அவனை அப்படித்தான் கூப்பிட்டது.

“அக்கா, லிஸ்ட் ஆச்சா? பெரிய டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.”

“ஆச்சுப்பா. பதினொண்ணு வருது.”

“இந்த நூத்திப் பதினேழு என்ன, இவ்ளோ பெருசா இருக்கு? யாரோ மைக்கை அணைக்க மறந்திருக்காங்க. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதே பைட்தானே ஏறும்? மௌனத்துக்குத் தள்ளுபடியா குடுக்கறாங்க?”

அவனுக்கு விஷயம் தெரியாது. அவளுக்கோ தெரியாத கணக்கு இல்லை. ஆனாலும் இந்தப் பக்கமாக ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படியானால் இத்தனை நாள் பயந்தது ஒன்றுமில்லாததற்கா? நெஞ்சு லேசானது. உடனே இன்னொரு கேள்வி வந்தது. ஒன்றுமே இல்லை என்றால், தனக்கென்று மிச்சம் என்ன?

“எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றாள்.

“ஃபைலைத் திறக்காமலே சுருக்கி அளந்து பாருங்க. அமைதின்னா நல்லாச் சுருங்கும். பேச்சு அவ்ளோ லேசுல சுருங்காது. எப்படியும் நாலு மணிக்குப் போகப் போறது, விடுங்கக்கா.”

ஆளில்லாத அறையைப் பதிந்து வைத்த சோதனை வரிசை ஒன்று இருந்தது. அதை முதலில் சுருக்கினாள். ஐந்தில் ஒரு பங்கு ஆனது. மற்ற நோயாளிகளுடையது ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே இறங்கவில்லை. பிறகு நூற்றுப் பதினேழு. விசையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள்.

இரண்டு கோடி. ஐந்தில் இரண்டு பங்கு.

ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். பதினேழு நிமிடம் போல அமைதி. ஒன்பது நிமிடம் போலப் பேச்சு. பத்து வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம் கழித்தால், ஏழு.

அவரை அவளுக்குத் தெரியும். கஷ்டமான எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி மாட்டுவார், மறுபடி துடைப்பார். அந்த ஏழு நிமிடத்தைப் பேச அவருக்குப் பதினேழு நிமிட அமைதி தேவைப்பட்டிருக்கிறது. வெளியே அவள் கால் கடுக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கோபமாகவே இருக்கட்டும். அந்தக் கோபமும் அவர் குரலில்தானே இருக்கும்.

போன மாதம் மகள் கேட்டாள், “அப்பா என்னை எப்படிம்மா கூப்பிடுவாரு?” செல்லப் பெயரை அவள் சொன்னாள். “அது ஞாபகம் இருக்கும்மா. எப்படிச் சொல்லுவாரு?” என்றது குழந்தை. அவளால் சொல்லிக் காட்ட முடியவில்லை.

மூன்றரை மணிக்குப் பட்டியலோடு மாடி ஏறினாள். தலைமை மருத்துவர் பேனாவைத் திறந்தபடி, “வாம்மா. நாலு மணிக்கு ஆரம்பிச்சிடலாம் இல்ல?” என்று காகிதத்துக்குக் கை நீட்டினார்.

அவள் நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை. காகிதத்தின் ஒரு முனை மருத்துவர் கையிலும் மறு முனை அவள் கையிலும் இருந்தது.

“ஏம்மா, லிஸ்ட்ல ஏதாவது தப்பா?”

“லிஸ்ட் சரியாத்தான் இருக்கு மேடம். நூத்திப் பதினேழு என் வீட்டுக்காரரோடது. மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன், வாய் வரலை. அழிக்கறதுக்கு முன்னாடி அதை நான் கேக்கணும் மேடம். முழுசா. அவர் பேசாம உட்கார்ந்திருக்கிற நேரத்தையும் சேர்த்து.”