சனிக்கிழமை வந்த கட்டைகள்

பெரம்பலூரில் போடுகிற குப்பை கடலுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் ஜெயசித்ராவின் ஆராய்ச்சி. கடலாமை வயிற்றில் பாலிதீன் பை இருந்தது என்று பேப்பரில் படிக்கிறவர்கள், அந்தப் பை எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்று கேட்பதில்லை. அவள் கேட்டாள். 2005 அக்டோபரில் மருதையாற்றுப் பாலத்தில் நின்று, மஞ்சள் பெயிண்ட் அடித்த முந்நூறு மரக்கட்டைகளை ஆற்றில் விட்டாள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்; தண்ணீர் புகாமல் ஒட்டிய உறைக்குள் அவள் முகவரி எழுதிய ஓர் அஞ்சலட்டை. கண்டெடுப்பவர்கள் எண், தேதி, இடம் மூன்றையும் நிரப்பித் தபாலில் போட வேண்டும். கடைசியில் 'வேறு விவரம்' என்று ஒரு வரியும் விட்டிருந்தாள்.

முதல் வாரத்தில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழு அட்டைகள் வந்தன. காத்தாயி என்ற அம்மாள், கட்டை நன்றாக எரிந்தது, இன்னும் இருந்தால் கொடுத்தனுப்பவும் என்று யாரையோ கொண்டு எழுதி அனுப்பியிருந்தாள். ஜெயசித்ரா தனியாக உட்கார்ந்து சிரித்தாள். குரும்பலூரில் அவள் வாடகைக்கு இருந்த மாடி அறையில் சேர்ந்து சிரிக்க ஆள் கிடையாது. முப்பத்து நாலு வயது. நிச்சயம் வரை போன கல்யாணம் நின்று ஏழு வருடம். அரியலூரில் இருக்கும் அண்ணன் தீபாவளிக்குக் கூப்பிடுவான், பொங்கலுக்கு மறந்துவிடுவான்.

நவம்பரில் அணைக்கரையிலிருந்து முதல் அட்டை வந்தது. மருதையாறு கொள்ளிடத்தில் கலந்து, கடலுக்குப் போகும் வழியில் அணைக்கரையைத்தான் தாண்ட வேண்டும். அனுப்பியவர் குருநாதன், அங்கே அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்குகிற வேலை. வேறு விவரம்: 'மணல் திட்டில் முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது.' அவள் நன்றிக் கடிதம் போட்டாள். அடுத்த வாரம் இன்னொரு கட்டை கிடைத்ததாக இன்னோர் அட்டை. 'பாலத்தில் கரும்பு லாரி நின்றுவிட்டது. ஊரே கரும்பு தின்கிறது.' அதற்கும் நன்றி எழுதினாள். முதலை எப்படி இருக்கிறது என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். இப்படியே பதினோரு அட்டைகள். செவ்வாய்க்கிழமைதோறும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் அவள் கால்கள் தாமாகப் படியிறங்கின.

அந்த அட்டைகளை வைத்துத்தான் அட்டவணை உருவானது. அணையில் சிக்கும் குப்பை ஒரேயடியாக வருவதில்லை, வாரம் வாரமாக வந்து சேர்ந்து கடலுக்குப் போகிறது என்று அது காட்டியது. கருத்தரங்கில் இதைப் படித்தால் உதவித்தொகை இன்னும் இரண்டு வருடம் நீளும். இல்லையென்றால் மார்ச்சோடு முடிந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து, வழிகாட்டி கமலவேணி மேடம் அட்டவணையைப் பார்த்தார். சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்து, ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துக்கொண்டு போனார்.

"பதினொண்ணும் சனிக்கிழமை," என்றார். "ஆத்துக்குக் கிழமை தெரியுமா சித்ரா?"

ஜெயசித்ரா குனிந்து தேதிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் அவள். இது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி அணைக்கரையில் இறங்கினாள். பாலத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குருநாதன் சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயரைச் சொன்னதும் உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றார். அவருக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, மஞ்சள் கட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவள் எண்ணினாள். இருபது.

அவரே சொல்லிவிட்டார். நவம்பர் முதல் வாரம் வெள்ளம் வந்தபோது மூன்றாவது ஷட்டரில் முப்பத்தொரு கட்டை ஒரே நாளில் வந்து அடைத்துக்கொண்டன; துறட்டி போட்டு இழுத்துக் கரையில் போட்டார். சனிக்கிழமைதோறும் போஸ்ட் ஆபீஸ் பக்கம் போகிற வேலை இருந்ததால், அன்றைய தேதியை எழுதி முதலில் ஒரு அட்டையை மட்டும் போட்டார்.

"பதில் போடுவீங்கன்னு நினைக்கலங்க. சம்சாரம் போனப்புறம் இந்த வூட்டுக்குத் தபால்னு வந்தது அதுதான். எல்லாத்தையும் சேத்து அனுப்பியிருந்தா ஒரு லெட்டரோட முடிஞ்சிருக்கும்."

"என் படிப்பே அந்தத் தேதியிலதாங்க நிக்குது," என்றாள் அவள்.

அவர் தலை குனிந்தார். தேதியில் என்ன இருக்கிறது, கட்டை கிடைத்தது உண்மைதானே என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். அவள் கத்த வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வந்தாள். ஆனால் அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், தன் கையெழுத்தில் பதினோரு கடிதங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

ஆற்றில் தண்ணீரை நிறுத்த இன்னும் பத்து நாள் இருந்தது. இருபது கட்டைகளின் எண்களையும் குறித்துக்கொண்டு, உறைகள் பிரியவில்லை என்று பார்த்து, ஷட்டருக்குக் கீழே விட்டுவிடச் சொன்னாள். இங்கிருந்து கடல் வரைக்குமாவது உண்மையான தேதி கிடைக்கட்டும். குருநாதன் ஒவ்வொன்றாக எடுத்து, எறியாமல், குனிந்து தண்ணீரில் வைத்தார். மஞ்சள் புள்ளிகள் சுழன்று போயின.

"இனிமே எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்றார்.

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதற்குள் ஜெயங்கொண்டம் பஸ் வந்துவிட்டது.

ஊர் திரும்பி, அட்டவணையில் அந்தப் பதினோரு வரிகளையும் அடித்து, 'ஒரே நாள், 31' என்று ஒரு வரி எழுதினாள். கமலவேணி மேடம் படித்துவிட்டு, இது சரி, ஆனால் கருத்தரங்குக்கு இது போதாது என்றார். மார்ச்சில் உதவித்தொகை நின்றது. ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மே மாதம், பழையாறு கடற்கரையிலிருந்து ஓர் அட்டை வந்தது. எண் 214. மீன்காரி அமிர்தவல்லி அனுப்பியது. வேறு விவரம் காலி. ஜெயசித்ரா மூடி வைத்திருந்த நோட்டைத் திறந்து அதைக் குறித்தாள். பிறகு ஓர் இன்லண்ட் கடிதத்தை எடுத்து, அணைக்கரை முகவரி எழுதி, உள்ளே அட்டையில் இருப்பது போலவே நான்கு வரி போட்டாள்.

எண்: 214. தேதி: மே 9. இடம்: கடல்.

நான்காவது வரியில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்.

வேறு விவரம்: செவ்வாய்க்கிழமை தபால்காரர் இங்கே நிற்காமல் போகிறார்.