பங்குக்குப் பூ கேட்டது

ஏற்கெனவே பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி மறுபடி வெளியிட்ட பங்குகள் மரகதத்துக்குக் கிடைத்து, விலையும் ஏறியிருந்தது. இன்று விற்றால்தான் அந்தியூர்க் குதிரைச் சந்தை முடிவதற்குள் வெள்ளைக் குதிரை வாங்கலாம். கணவர் சென்னியப்பனோ இன்னும் ஏறட்டும் என்றார். கோயிலில் இருவரும் கேள்வியை மனதுக்குள் நினைத்துக்கொண்டு, வெள்ளையும் சிவப்புமாகப் பூ மடித்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்தார்கள். வெள்ளைப்பூ வந்தது; சாமி சம்மதம்.

"விக்கலாமான்னுதானுங்க நெனச்சேன்" என்றாள்.

"நான் வச்சுக்கலாமான்னு நெனச்சுப்போட்டேனே, அம்மணி."

மரகதத்தின் கண்ணுக்குள் குதிரை பனியில் கரையத் தொடங்கியது.

"சாமி ரெண்டு பேருக்கும் சரின்னிருச்சு. பாதிய வித்துப்போடலாம்" என்றார்.

"பாதிக் குதிரை எங்கீங்க தருவாங்க?"

அவர் யோசித்தார். "குட்டி தருவாங்க."

கைபேசியில் விற்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். பனிக்குள்ளிருந்து நீளக் கால்களோடு ஒரு குட்டி தள்ளாடி வந்தது.