முதல் மாநிலத்துக்காரி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில், வடக்கே ஒரு சிற்றூரில் ஊர் எழுத்தராக இருந்தாள் கொலெட் பர்ஷார்ட். வாக்குச்சீட்டும் நாய் உரிமமும் அவள் பொறுப்பு. கட்சியின் தேசிய விதிக்குழுவுக்கு அவளை அனுப்பியபோது மாநிலத் தலைவர் சொன்னது ஒன்றே: கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக வாக்களிக்கும்போது முதல் வாக்கு நம்முடையது, அதை விட்டுக்கொடுத்துவிடாதே.

குழுவின் முன் ஒரு யோசனை இருந்தது. நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, தேர்தலுக்குத் தேர்தல் ஒவ்வொரு வட்டாரமாக முதலில் வாக்களிக்கட்டும் என்பது. கொலெட் மறுப்புரையை எழுதியே வைத்திருந்தாள். ஆனால் மொன்டானா மாநிலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி எழுந்து பேசினாள்.

"நாப்பது வருஷமா ஜூன்லதான் ஓட்டுப் போடறேன். நான் போய் நிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்குப் பிடிச்ச ஆளு ஒருத்தர்கூட அதுவரைக்கும் களத்துல நின்னதில்ல."

கொலெட்டின் சமையலறையிலோ வாக்குக் கேட்டு வந்த மூன்று வேட்பாளர்கள் காபி குடித்திருக்கிறார்கள்.

பெயர் சொல்லி வாக்கெடுத்தார்கள். அருகிலிருந்த மாநிலத் தலைவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. "ஆதரிக்கிறேன்" என்றாள் கொலெட். யோசனை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

ஊர் திரும்பியபோது அவளைக் கண்டதும் தபால் நிலையத்தில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். தேர்தல் காலக் கூட்டத்தை நம்பி விடுதி நடத்தும் அண்ணன் ரோலண்ட் மட்டும் நேரில் வந்தான்.

"உன் மனசாட்சிக்கு நல்லது பண்ணிக்கிட்ட. எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

அதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஆனால் மற்ற மாநிலங்களுக்கு ஒரு வாரம் முன்பே வாக்கெடுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கட்சியின் புதிய விதியைச் சட்டை செய்யாமல் மாநில அதிகாரிகள் ஜனவரியில் நாள் குறித்துவிட்டார்கள். அந்த வாக்குகள் செல்லாது என்றது கட்சி. செல்லாமல் ஆக்கியவளும் அவள். நடத்தித்தர வேண்டியவளும் அவள். பதவி விலகப் பார்த்தாள். துணை எழுத்தர் பிரசவ விடுப்பில் இருந்தாள். நீயும் போனால் வாக்குச்சாவடியே திறக்காது என்று ஊர் நிர்வாகிகள் தடுத்துவிட்டார்கள்.

பனி கொட்டிய காலையில் பள்ளி விளையாட்டுக்கூடத்தைத் திறந்தாள். என்றுமில்லாத கூட்டம். செல்லாது என்ற வாக்கை அவள் முகத்துக்கு நேரே போட்டுக்காட்டவே பாதிப்பேர் வந்திருந்தார்கள். பெயரைச் சொன்னார்கள், சீட்டை வாங்கினார்கள், நகர்ந்தார்கள். ரோலண்டும் வரிசையில் வந்தான்.

"இத எண்ணுவாங்களா மாட்டாங்களா? நீயே சொல்லு."

"நான் எண்ணுவேன்," என்றாள். "கட்சியில எடுத்துக்க மாட்டாங்க."

அவன் சீட்டுடன் திரைக்குப் பின்னால் போனான். கொலெட் அடுத்தவரின் பெயரைக் கேட்டாள். சாவடி மூட இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.